உர மானியம்: உரக்கடையிலும் சொசைட்டியிலும் அடிக்கடி வரும் சந்தேகங்கள்

உரக்கடை வாசல், சொசைட்டி வரிசை, மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் என எங்கே போனாலும் உர மானியத்தைப் பற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு விவசாயிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விலையும் மானியத் தொகையும் 2025 நிலவரம். பருவத்துக்குப் பருவம் மாறும் தொகை எது, மாறாதது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

உரத்துக்கு மானியம் மானியம்னு சொல்றாங்க. என் அக்கவுண்ட்ல ஒரு ரூபா கூட வரலையே?

வராது. உர மானியம் மூட்டை விலைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நீங்கள் கடையில் கொடுப்பது மானியம் போக மீதியைத்தான். கழிந்த தொகையை மத்திய அரசு உரக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. கேஸ் சிலிண்டருக்கு வருவதுபோல வங்கிக் கணக்குக்கு எதுவும் வராது. பிஎம் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு வரும் 6,000 ரூபாய் வேறு. அதற்கும் உர மானியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

2018 வரை, உரம் மாவட்டத்துக்கு வந்து இறங்கியதுமே கம்பெனிக்குப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த மூட்டை உழவர் கைக்கு வந்ததா, வழியில் வேறு எங்காவது போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. 2018 மார்ச் முதல் நாடு முழுவதும் முறை மாறியது. கடையில் நீங்கள் கைரேகை வைத்து, மெஷினில் விற்பனை பதிவானால்தான் அந்த மூட்டைக்கான மானியம் கம்பெனிக்குப் போகும். கடைக்காரர் உங்கள் விரலைக் கேட்பது இதற்காகத்தான்.

எந்தெந்த உரத்துக்கு மானியம் இருக்கு?

யூரியா, டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ், சூப்பர் பாஸ்பேட், அம்மோனியம் சல்பேட், 20:20:0:13, 10:26:26, 17:17:17 போன்ற பல சத்து கலந்த காம்ப்ளக்ஸ் உரங்கள். கரும்பாலைக் கழிவிலிருந்து எடுக்கும் பொட்டாஷும் 2021 முதல் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

சொட்டுநீரில் விடும் 19:19:19 போன்ற நீரில் கரையும் உரங்கள், நானோ யூரியா, நானோ டிஏபி, கடைகளில் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் வளர்ச்சி ஊக்கிகள் இவற்றுக்கு இந்த மானியம் இல்லை. அவற்றை வாங்க மெஷினில் ரேகை வைக்கவும் தேவையில்லை. "இதுக்கும் கவர்மெண்ட் மானியம் உண்டு" என்று சொல்லி ஒரு பாட்டிலை விற்றால் நம்பாதீர்கள்.

இப்ப மூட்டை என்ன விலை? யூரியா ஏன் 266.50ன்னு சில்லறையா இருக்கு?

யூரியா 45 கிலோ மூட்டைக்கு அரசு வைத்த அடிப்படை விலை 242 ரூபாய். வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கூடுதலும் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 266 ரூபாய் 50 காசு ஆகிறது. டன்னுக்கு 5,360 ரூபாய் என்ற கணக்கு 2012 நவம்பரில் வைத்தது. அன்றிலிருந்து அது ஏறவில்லை. கந்தகம் பூசிய யூரியா என்று வரும் மூட்டையும் அதே 266.50தான், ஆனால் அதில் எடை 40 கிலோ. வாங்கும்போது கவனியுங்கள்.

டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். பொட்டாஷும் காம்ப்ளக்ஸும் கம்பெனிக்கும் சரக்கு வந்த மாதத்துக்கும் தகுந்தபடி மாறுவதால், மூட்டையில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பிதான் அவற்றுக்கு அளவு. பழைய சரக்கு குறைந்த எம்ஆர்பியோடு இருந்தால் அந்த விலைக்குத்தான் தரவேண்டும். புது விலை வந்துவிட்டது என்று பழைய மூட்டையை அதிக விலைக்கு விற்கக் கூடாது.

50 கிலோ யூரியா மூட்டையை 45 ஆக்கிட்டாங்க. நமக்கு நஷ்டம்தானே?

விலையில் நஷ்டம் இல்லை. 50 கிலோவுக்கு 268 ரூபாய் அடிப்படை விலை, 45 கிலோவுக்கு 242 ரூபாய். கிலோ கணக்கில் இரண்டும் ஒன்றுதான். யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசினால் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் மெதுவாக இறங்குகிறது, அதனால் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும் என்ற கணக்கில் 2018இல் மூட்டையைச் சிறிதாக்கினார்கள். 2015இலிருந்தே உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசித்தான் வருகிறது.

கவனிக்க வேண்டியது உங்கள் கணக்கை. "ஏக்கருக்கு மூணு மூட்டை" என்று பழக்கத்தில் போட்டவர்களுக்கு முன்பு 150 கிலோ விழுந்தது, இப்போது 135 கிலோ விழுகிறது. உரத்தைக் கிலோவில் எண்ணுங்கள்.

யூரியா எந்தக் கடையிலயும் ஒரே விலை. டிஏபியும் காம்ப்ளக்சும் மட்டும் ஏன் ஆளுக்கொரு விலை?

இரண்டும் வேறு வேறு முறை. யூரியாவுக்கு விலையை அரசு நிர்ணயிக்கிறது. உற்பத்திச் செலவுக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு ஆனாலும் அரசே தாங்குகிறது. உலகச் சந்தையில் யூரியா விலை இரண்டு மடங்கானாலும் உங்கள் மூட்டை 266.50தான்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) உரங்களை 1992 ஆகஸ்டில் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். 2010 ஏப்ரல் முதல் சத்து அடிப்படை மானியம் என்ற முறை நடக்கிறது. ஒரு கிலோ சத்துக்கு இத்தனை ரூபாய் என்று அரசு தொகையை நிர்ணயிக்கும், மீதி விலையைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். அந்தத் தொகை வருடத்துக்கு இரண்டு முறை, காரிப் (ஏப்ரல் முதல் செப்டம்பர்) பருவத்துக்கும் ராபி (அக்டோபர் முதல் மார்ச்) பருவத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படும். 2025 காரிப் பருவத்தில் கிலோவுக்குத் தழைச்சத்து 43.02, மணிச்சத்து 43.60, சாம்பல் சத்து 2.38, கந்தகம் 2.61 ரூபாய்.

டிஏபி மூட்டையில் எழுதியிருக்கும் 18:46 என்பது நூறு கிலோவில் 18 கிலோ தழைச்சத்தும் 46 கிலோ மணிச்சத்தும் இருக்கிறது என்று அர்த்தம். 50 கிலோ மூட்டையில் 9 கிலோவும் 23 கிலோவும். 9 கிலோவை 43.02 ஆல் பெருக்கினால் 387 ரூபாய், 23 கிலோவை 43.60 ஆல் பெருக்கினால் 1,003 ரூபாய். மொத்தம் 1,390. நீங்கள் 1,350 கொடுத்து எடுக்கும் மூட்டைக்கு அரசு அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறது. டிஏபியை மட்டும் விலை ஏறவிடாமல் பிடித்து வைப்பதால், 2024 ஏப்ரலிலிருந்து டன்னுக்கு 3,500 ரூபாய் சிறப்புத் தொகையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2021 மே மாதத்தில் டிஏபி மூட்டை 2,400 ரூபாய்க்குப் போகும் நிலை வந்தபோது, மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ஆக உயர்த்தி உழவர் விலையை 1,200 ரூபாயிலேயே நிறுத்தினார்கள். காம்ப்ளக்சுக்கு இப்படிப் பிடிமானம் இல்லாததால் அதன் விலை ஏறி இறங்குகிறது.

அப்ப பொட்டாஷ் மட்டும் ஏன் இவ்வளவு விலை?

மேலே உள்ள தொகையைப் பாருங்கள். சாம்பல் சத்துக்குக் கிலோவுக்கு 2.38 ரூபாய்தான். ஒரு பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சத்து, ஆக மூட்டைக்கு மானியம் சுமார் 71 ரூபாய். மீதி முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. கரும்பாலைக் கழிவுப் பொட்டாஷைத் தவிர, மூட்டையாக வரும் பொட்டாஷ் எல்லாமே வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது, அதனால் உலக விலை அப்படியே கடைக்கு வந்து சேருகிறது.

இதன் விளைவு வயலில் தெரிகிறது. மலிவாகக் கிடைக்கும் யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு பொட்டாஷைத் தவிர்க்கிறார்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கும், தண்டு பலமில்லாமல் சாயும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும், மணி முற்றாமல் பதர் விழும். யூரியாவில் மிச்சப்படுத்திய பணம் பூச்சிமருந்துக் கடைக்குப் போகிறது. மானியம் இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது கொள்கையில் உள்ள கோளாறு. அதைச் சரிசெய்ய வேண்டியது அரசு. அதுவரை, மூட்டை மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யூரியாவைக் கூட்டாதீர்கள்.

மெஷின்ல கைரேகை வைக்கலைன்னா உரம் தரமாட்டாங்களா? ஆதார் கையில இல்லன்னா?

மானிய உரத்தை மெஷினில் பதியாமல் விற்கக் கூடாது. ஆதார் எண்ணும் விரல் ரேகையும் வழக்கமான வழி. ஆதார் இல்லாவிட்டால் கிசான் கிரெடிட் கார்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றை வைத்தும் பதியலாம்.

எங்கப்பாவுக்கு எழுபது வயசு. மண்வெட்டி பிடிச்சு ரேகையே விழல. என்ன பண்றது?

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற ஒன்பது விரலில் ஏதாவது ஒன்று விழும். மோதிரவிரல் பெரும்பாலும் தேயாமல் இருக்கும். மெஷினின் கண்ணாடியில் உரத்தூசி படிந்திருந்தாலும் ரேகை எடுக்காது, துடைக்கச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரவழைத்துப் பதியும் வசதியும் மெஷினில் இருக்கிறது.

எதுவும் ஆகாவிட்டால் நீங்களே உங்கள் ஆதாரில் வாங்கலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் ரேகை வைக்க வேண்டும் என்று விதி இல்லை. இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ அப்பாவின் ரேகையை ஒருமுறை புதுப்பித்து வைத்தால் ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் உதவும்.

குத்தகைக்கு ஓட்றேன். பட்டா, சிட்டா என் பேர்ல இல்ல. மானிய விலையில உரம் கிடைக்குமா?

கிடைக்கும். இந்த மானியத்தின் பெரிய நன்மையே இதுதான். விலையில் கழிவதால் நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. தனியார் கடையில் ஆதாரும் விரலும் போதும்.

தட்டுப்பாடு வரும் மாதங்களில் சில இடங்களில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று கட்டுப்பாடு வைத்து சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் சாகுபடிச் சான்று வாங்கிக் கொடுங்கள். சாகுபடி செய்பவர் பெயரைக் குறித்து அவர் கொடுக்கும் அடங்கல் நகல் இதற்குப் போதும். தட்டுப்பாடு வந்தபிறகு அலையாமல் நடவுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

பில் கேட்டா "மெஷின்ல பேப்பர் தீந்துபோச்சு"ன்னு சொல்றாங்க. பில் அவ்வளவு முக்கியமா?

முக்கியம். 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு விற்பனைக்கும் பில் தரவேண்டும். காகிதம் தீர்ந்தால் கையால் எழுதியாவது தரவேண்டும். உரம் போலி என்று தெரிந்தாலும், விலை கூட வாங்கினாலும், பயிர் கருகினாலும், உங்கள் பக்கம் பேசுவது அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான்.

மெஷினிலிருந்து வரும் சீட்டில் கடையின் பெயர், உங்கள் பெயர், உரத்தின் பெயர், மூட்டை எண்ணிக்கை, மூட்டை விலை, நீங்கள் கொடுத்த மொத்தம் ஆகியவை இருக்கும். கீழே அரசு தாங்கிய மானியத் தொகையும் தனியாக அச்சாகும். கடையை விட்டு இறங்குவதற்கு முன் மூட்டை எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு மூட்டை வாங்கியவர் சீட்டில் ஐந்து என்று இருந்தால் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம். அந்த வெப்பக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூரியா 350 ரூபான்னு விக்கிறாங்க. கேட்டா ஏத்துக்கூலி, வண்டி வாடகைன்னு சொல்றாங்க. சரியா?

சரியில்லை. கடை வாசலில் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கோ வயலுக்கோ கொண்டுவந்து இறக்கச் சொன்னால் அந்த வாடகை தனி. நீங்களே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போகும்போது கூலி, வாடகை என்று கேட்க முடியாது.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது. யூரியாவில் விற்பனைக் கழிவு டன்னுக்கு 354 ரூபாய், மூட்டைக்குச் சுமார் 16 ரூபாய். அதை மொத்த வியாபாரியும் சில்லறைக் கடையும் பிரித்துக்கொள்ள வேண்டும், இடையில் லாரி வாடகை, இறக்குக்கூலி வேறு. இந்தக் கழிவு போதாது என்று அவர்கள் சொல்வது நியாயமான கோரிக்கை. அதை அரசிடம் கேட்க வேண்டும், உழவர் தலையில் ஏற்றக் கூடாது.

புகார் செய்ய, பில்லோடு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். உர ஆய்வாளர் அதிகாரம் அங்கே உள்ளவர்களுக்கு இருக்கிறது. கடையின் இருப்பைச் சரிபார்க்கலாம், விற்பனையை நிறுத்தி வைக்கலாம், உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். மாவட்டத்தில் தரக்கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் இருக்கிறார். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே நகராவிட்டால் ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனு எண் விழுந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். உரம் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தில் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

நானோ யூரியா பாட்டில் எடுத்தாதான் மூட்டை தருவேன்னு சொல்றாங்களே?

இதைத்தான் "லிங்க்" என்கிறார்கள். பாட்டில், நுண்ணூட்டப் பொட்டலம், குருணை மருந்து என்று எதையாவது கட்டிவிடுவது. மானிய உரத்தோடு வேறு பொருளைச் சேர்த்து வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசும் வேளாண் துறையும் பலமுறை உத்தரவு போட்டிருக்கின்றன. பெரும்பாலும் இந்தக் கட்டாயம் மேலிருந்து வருகிறது. கம்பெனி மொத்த வியாபாரிக்குத் தள்ள, அவர் கடைக்குத் தள்ள, கடை உங்களிடம் தள்ளுகிறது.

"எனக்கு மூட்டை மட்டும் பில் போடுங்க" என்று கேளுங்கள். மறுத்தால், வாங்கித்தான் ஆகவேண்டிய அவசரம் என்றால், பாட்டிலுக்கும் தனியாகப் பில் கேளுங்கள். ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண்ணில் பத்துப் பேருக்கு மூட்டையும் பாட்டிலும் சேர்ந்து பில் விழுந்திருந்தால் அதுவே கட்டாயத்துக்குச் சாட்சி. தனியாளாகப் போவதைவிடப் பத்துப் பேர் பில்லோடு போனால் புகார் நிற்கும்.

சரி, ஒரு பாட்டில் நானோ யூரியா ஒரு மூட்டைக்குச் சமம்னு சொல்றாங்க, உண்மையா?

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. முதலில் வந்த 500 மில்லி பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். பிறகு 20 சதவீதமாக உயர்த்திய பாட்டிலிலும் 100 கிராம்தான். இலைவழியாகக் கொடுப்பது வீணாகாமல் பயிருக்குச் சேரும் என்பது கம்பெனி தரப்பு வாதம். ஆனால் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் சோதித்தபோது, தழைச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு நானோ யூரியா தெளித்த நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது.

தெளித்துப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு பாத்தியில் பாருங்கள். பாட்டிலை நம்பி மேலுரத்தை ஒரு மூட்டை குறைத்துவிடாதீர்கள்.

எல்லா மூட்டையும் இப்ப பாரத் யூரியா, பாரத் டிஏபின்னு வருது. எது எந்தக் கம்பெனி, எது போலின்னு எப்படித் தெரியும்?

2022 அக்டோபர் முதல் மானிய உரங்கள் எல்லாம் பாரத் என்ற ஒரே பெயரில் வருகின்றன. மூட்டை முகப்பில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் கம்பெனி பெயர், முகவரி, சத்து அளவு, எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம் இருக்கும். இறக்குமதி என்றால் அதுவும் எழுதியிருக்கும். இந்தப் பகுதி இல்லாத மூட்டை, மெஷின் தையல் பிரித்துக் கையால் தைத்த மூட்டை இரண்டையும் எடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். யூரியா தண்ணீரில் வண்டல் இல்லாமல் கரையும், கரைசலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். டிஏபி குருணையைக் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வரும். நெடி வராவிட்டால் அது டிஏபி இல்லை. சந்தேகம் வந்தால் மூட்டையைக் காலி செய்துவிடாமல் வேளாண்மை அலுவலருக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோகும் பொட்டலம் வழக்கில் நிற்காது. ஆய்வாளர் கடை இருப்பிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்து, மூன்று பங்காகப் பிரித்து முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உழவன் செயலியில ஸ்டாக் இருக்குன்னு காட்டுது. கடையில போனா இல்லங்கிறாங்க. எதை நம்பறது?

தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் தெரிவது மெஷினில் உள்ள இருப்பு. அதற்கும் கிடங்கில் உள்ளதற்கும் வித்தியாசம் வர மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சரக்கு கடைக்கு வந்து இறங்குவதற்கு முன்பே கணக்கில் ஏறியிருக்கலாம். இரண்டாவது, அவசரத்தில் ரேகை வைக்காமல் விற்றுவிட்டுப் பிறகு பதியலாம் என்று விட்டிருப்பார்கள். மூன்றாவது, பதுக்கல்.

ஒவ்வொரு கடையிலும் அன்றைய இருப்பும் விலையும் எழுதிய பலகை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பலகை, செயலி, கிடங்கு மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், கணக்கெடுக்க வேண்டியது அவர்கள் வேலை. பொதுவான சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தட்டுப்பாடு வரும்னு முன்னாடியே வாங்கி அடுக்கி வைக்கலாமா?

அந்தப் பருவத்துக்குத் தேவையானதை வாங்கலாம். வாங்கினால் மரப்பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். பிரித்த மூட்டையின் வாயை இறுக்கக் கட்டுங்கள். யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்து வைக்காதீர்கள், கொழகொழவென்று ஆகிவிடும். ஒருவர் பெயரில் அளவுக்கு மேல் மூட்டை ஏறினால் விசாரணைக்கு வரும். அதிகம் வாங்கியவர்கள் பட்டியல் மாவட்டத்துக்கு வருகிறது.

குறுவைக்கு உரம் இலவசமா குடுத்தாங்களே, அதுவும் இந்த மானியம்தானா?

இல்லை. அது மாநில அரசின் குறுவைத் தொகுப்புத் திட்டம். 2021 முதல் சில ஆண்டுகள் டெல்டா மாவட்டங்களில் யூரியா, டிஏபி, பொட்டாஷ் ஆகியவற்றை முழு மானியத்தில் கொடுத்தார்கள். நாம் இதுவரை பேசியது எப்போதும் உள்ள மத்திய அரசு மானியம். தொகுப்புத் திட்டத்தில் என்ன இருக்கும் என்பது வருடாவருடம் மாறும், அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரிடம் மே கடைசியிலேயே கேட்டு வையுங்கள்.

சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கினா ஒரு பகுதியை உரமாத்தான் எடுக்கணும்னு சொல்றாங்க. விலை கூடுமா?

கூடாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடன் ரொக்கமாகவும் உரமாகவும் பிரித்துத் தரப்படுகிறது. உரப் பகுதிக்கும் எம்ஆர்பிதான், மெஷின் பில்லும் உண்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டியை மாநில அரசு ஏற்றுக்கொள்வதால் உரத்துக்கும் வட்டி இல்லை. வெளிக்கடையில் கடன் சொல்லி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கேட்ட டிஏபி இல்லாமல், இருப்பில் உள்ள காம்ப்ளக்ஸைக் கணக்கில் எழுதிவிடுவது உண்டு. எந்த உரம், எத்தனை மூட்டை என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காம்ப்ளக்ஸ் எடுத்தால் செலவு எப்படி மாறும் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

ஒரே சத்துதான்னா, எந்த மூட்டை வாங்கினா எனக்கு மலிவு?

டெல்டா பகுதி நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ தழை, 20 கிலோ மணி, 20 கிலோ சாம்பல் சத்து. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதிலுள்ள அளவைக் கொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

20 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி 44 கிலோ வேண்டும். அதிலேயே சுமார் 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. டிஏபியும் யூரியாவும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 1,860 ரூபாய். யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்துப் போடுங்கள்.

20:20:0:13 மூட்டை 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கிலோ தழை, 10 கிலோ மணி, 6.5 கிலோ கந்தகம். அதே 10, 10 கிலோவை டிஏபி 22 கிலோ, யூரியா 13 கிலோ என்று வாங்கினால் சுமார் 670 ரூபாயில் முடிந்துவிடும். மீதி 630 ரூபாயை ஆறரைக் கிலோ கந்தகத்துக்குக் கொடுக்கிறீர்கள். எண்ணெய் வித்துக்கும் வெங்காயத்துக்கும் கந்தகம் வேண்டும்தான், ஆனால் அதை ஜிப்சமாகப் போட்டால் செலவு மிகக் குறைவு. டிஏபி கிடைக்காத நாளில் 44 கிலோ டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் இரண்டரை மூட்டையும் யூரியா 17 கிலோவும் போட்டால் சத்து அப்படியே கிடைத்துவிடும், கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வரும். சூப்பர் விலையை அன்றைக்குக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மானியத்தைக் கம்பெனிக்குக் குடுக்காம நேரா எங்க அக்கவுண்ட்ல போட்டா என்ன?

கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் சிக்கல் இருக்கிறது. முழு விலையை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். மேலே பார்த்த கணக்கில் டிஏபி மூட்டைக்கே 2,700 ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போகும். நடவு நேரத்தில் அந்தப் பணத்துக்குக் கந்து வட்டிக்காரரிடம் போனால், பிறகு கணக்கில் வரும் மானியம் வட்டிக்கே சரியாகிவிடும். இன்னொன்று, பணத்தை யார் கணக்கில் போடுவது? பட்டாவைப் பார்த்துப் போட்டால் நிலத்துக்காரருக்குப் போகும், குத்தகைக்கு உழுகிறவருக்குக் கிடைக்காது. குத்தகைப் பதிவு ஒழுங்காக நடக்காத வரை இந்த மாற்றம் டெல்டாவில் பெரும் பகுதி உழவர்களைத் தெருவில் நிறுத்தும். இது எங்கள் உறுதியான கருத்து.

நான் ரெண்டு மூட்டைதான் வாங்கினேன், பில்லுல அஞ்சுன்னு இருக்கு. எனக்குப் பணம் எதுவும் போகல, அப்புறம் என்ன?

உங்கள் பெயரில் மூன்று மூட்டை வேறு எங்கோ போயிருக்கிறது. ஒட்டுப்பலகைக்குப் பசை காய்ச்சுகிறவர்கள் வெளிச்சந்தையில் யூரியா வாங்கினால் பல மடங்கு விலை. 266 ரூபாய் மூட்டை அவர்கள் கைக்குப் போனால் நல்ல லாபம். மெஷினில் யாராவது ஒரு உழவர் பெயரில் பதிந்தால்தான் அந்த மூட்டை கணக்கிலிருந்து இறங்கும், அதற்கு உங்கள் விரல் பயன்பட்டிருக்கிறது. தட்டுப்பாடு நேரத்தில் வரம்பு வைத்தால் "உங்க அளவு முடிஞ்சுபோச்சு" என்ற பதில் உங்களுக்குத்தான் வரும். விசாரணை வந்தாலும் கேள்வி உங்களிடம்தான் கேட்பார்கள்.

ரேகை ஒருமுறை விழுந்து பில் வந்தபிறகு "விழல, இன்னொரு தடவை வைங்க" என்றால் முதல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஆதார் நகலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். எண்ணிக்கை தவறாக இருந்தால் அங்கேயே ரத்து செய்து சரியான பில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றே உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். வாங்கியது எத்தனை, பில்லில் எத்தனை, தேதி, நேரம், பில் எண் ஆகிய ஐந்தும் மனுவில் இருக்கட்டும், பில்லின் நகலை இணைத்து மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.